அக்கம் பக்கம்: துளசித் தொட்டி காவல் காத்த இடம்

சென்ற திங்கள் மாடிப்படிகளில் காலணி வைப்பதைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த முலுண்டு அம்மையார் ஒருவர் நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். "செருப்பைப் பற்றி எழுதினீர்கள், மகிழ்ச்சி. அதைவிடப் பெரிய பொருள் ஒன்று கட்டடத்தின் கீழே கிடக்கிறதே, அதைப் பற்றி எழுத வேண்டாமா?" என்று தொடங்கித் தம் கட்டடத்துக் கதையைச் சொல்கிறார். அங்கே 40 வீடுகள். வண்டி நிறுத்த 22 இடங்கள். அவற்றுள் ஏழெட்டு இடங்கள் பகல் முழுதும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இரண்டு மூன்று இரவிலும் அப்படியே. ஆயினும் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அவருடைய மருமகள் இரவுப் பணி முடிந்து காலை 8 மணிக்கு வீடு திரும்பினால், தூக்கம் கண்ணைச் சுழற்ற, தெருத் தெருவாக வண்டியைச் சுற்றிக்கொண்டு இடம் தேட வேண்டியிருக்கிறதாம். "கேட்டால் எவரும் இல்லை என்று சொல்வதில்லை. பார்க்கலாம் என்கிறார்கள். இந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இவ்வினாவுக்கு விடை சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அது பெருமைப்படத்தக்க தகுதியன்று. அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை ஏறக்குறைய நான்கு மாதங்கள் நானே சொல்லிக்கொண்டிருந்தவன்.

முதலில், நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அளந்து பார்த்துவிடுவோம். ஒரு கார் நிற்கச் சாதாரணமாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் விடுகிறார்கள். பெருக்கினால் 12.5 சதுர மீட்டர். நம் பழைய கணக்கில் 134 சதுர அடிக்குச் சற்று மேல். இம்மும்பை மாநகரில் வொர்லி முதலிய இடங்களிலுள்ள பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெண்களுக்கு மணம் முடித்திருக்கின்றன. அவ்வறையினும் சிறிதளவே குறைந்த இடத்தை ஒரு வண்டிக்கு ஒதுக்குகிறோம். வண்டி வெளியே போன பின்பும் அவ்விடத்தை வேறெதற்கும் விடாமல் வைத்திருக்கிறோம். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த டொனால்டு ஷூப் என்பவர் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். 2005ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலில், ஒரு கார் தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் சும்மா நிற்கிறது என்று கணக்குக் காட்டினார். 2025இல் அவர் காலமானார். சும்மா நிற்கும் வண்டியைப் பற்றி ஒருவர் இத்தனை ஆண்டுகள் சிந்திக்க முடியுமா என்று நான் முன்பு நகைத்ததுண்டு. இப்போது நகைப்பதில்லை.

இனி என் கதை.

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் ஏழு மாடி, 28 வீடு. தூண்களின் நடுவே 16 வண்டிகள் நிற்கலாம். 1996இல் வீடு வாங்கியபோது கட்டியவரிடம் தனியே ஒரு தொகை கொடுத்து, தனியே ஒரு ரசீது பெற்று, தூணடி இடம் ஒன்றையும் வாங்கினேன். அதில் முதலில் பழைய பியட் நின்றது; பின்னர் மாருதி 800 நின்றது. கண்புரைச் சிகிச்சைக்குப் பிறகு இரவில் எதிர்வரும் விளக்குகள் பூத்துப் பரவுவதுபோல் தெரியவே, மகனின் வற்புறுத்தலால் மாருதியையும் விற்றுவிட்டேன். வண்டி போயிற்று, இடம் இருந்தது. வண்டி போன மறுநாளே அங்கே மற்றவர் ஸ்கூட்டர் ஏறியதைக் கண்டு, என் மனைவி மாடியிலிருந்து நான்கு தொட்டிகளை இறக்கி வைத்தாள். மூன்றில் கற்பூரவல்லி, ஒன்றில் துளசி. துளசி வைத்ததில் ஒரு சூழ்ச்சி உண்டு. கற்பூரவல்லியை எவனும் காலால் தள்ளிவிடுவான். துளசியை எந்த மதத்துக்காரனும் இந்தக் கட்டடத்தில் நகர்த்தத் துணியான். பக்தியை இவ்வாறு பயன்படுத்தியதற்குப் பிராயச்சித்தம் உண்டா என்பதைப் பெரியோர் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாடியில் ஒரு மராட்டியக் குடும்பம். பெரியவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். அது முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கிப் போய், கால் துவண்டு, தலை சுற்றும் என்பதை இவ்வகை நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர் அறிவர். அவர்களுக்குக் கார் இருக்கிறது, இடம் இல்லை. இரவில் தெருவில் நிறுத்துவார்கள். விடியுமுன் மருமகள் பெரியவரை அழைத்துப் போய்விடுவாள். முற்பகல் 11 மணியளவில் திரும்பும்போது தெருவில் ஊசி குத்த இடம் இராது. வாசலில் அவரை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டுபோகலாம் என்றால், அவரைத் தனியே நிற்க வைக்க முடியாது. வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி அவரை மேலே கொண்டுசேர்க்கவும் பின்னால் வரும் வண்டிகள் விடமாட்டா.

ஒருநாள் மாலை அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "காகா, உங்கள் இடம் காலியாகத்தானே இருக்கிறது? வாரத்தில் மூன்று நாள், பகல் சில மணி நேரம் மட்டும் நிறுத்திக்கொள்ளட்டுமா? மாதம் 1,500 ரூபாய் கொடுத்துவிடுகிறோம்" என்றாள்.

"பார்க்கலாம் அம்மா" என்றேன்.

அவள் போன பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. டிசம்பரில் மகன் வருவான், வாடகைக்கு வண்டி எடுப்பான். சங்க விதி இடம் தராது. மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது? தொட்டிகளை எங்கே வைப்பது? இவை யாவும் உண்மையான காரணங்களே. ஆயினும் எதுவும் மெய்க்காரணமன்று. மெய்க்காரணம் அச்சம். அவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். அதைத்தான் முலுண்டு அம்மையாருக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நகரத்தில் கொடுத்த இடம் திரும்பி வராது என்பது பாட்டன் காலத்துப் பாடம். 1947ஆம் ஆண்டு வந்த பம்பாய் வாடகைச் சட்டத்தின் கீழ், குடிவந்தவரை வெளியேற்றுதல் குதிரைக்கொம்பு. அதற்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் 'வாடகை' என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'அனுமதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். 1973இல் சட்டத்தைத் திருத்தி, அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் நாளன்று அனுமதியின்பேரில் குடியிருந்தவர்களும் வாடகைக் குடிகளே என்று ஆக்கிவிட்டார்கள். அன்று அந்த ஏழைகளுக்கு அது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. நம்மவரிலும் எத்தனையோ குடும்பம் அச்சட்டத்தின் நிழலில்தான் மாட்டுங்காவிலும் சயானிலும் காலூன்றியது. ஆனால் இடம் வைத்திருந்தவர் நெஞ்சில் ஒரு வடு விழுந்தது. ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிப் போட்டார்களேயன்றி ஒருவருக்கும் விடவில்லை. 1999இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றி 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, அனுமதி ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்தால் காலம் முடிந்ததும் இடத்தைத் திரும்பப் பெறலாம் என்று வழி செய்த பிறகே பூட்டுகள் திறக்கத் தொடங்கின. தூணடியில் மூன்று நாள் கார் நிற்பதற்கும் இச்சட்டங்களுக்கும் ஏது சம்பந்தம் என்று வழக்கறிஞர் நகைப்பார். சட்டத்துக்குச் சம்பந்தமில்லை, அச்சத்துக்கு இருக்கிறது.

இதனினும் கூர்மையான முள் ஒன்று உண்டு. என் ரசீது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதே மும்பைக் கட்டடம் ஒன்றின் வழக்கில் தீர்ப்பளித்தது. தூண்தளத்து நிறுத்துமிடம் 'வீடு' ஆகாது. அதனைத் தனியே விலை கூறி விற்கக் கட்டியவருக்கு உரிமையில்லை. அது குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான இடத்தைச் சேர்ந்தது என்பது தீர்ப்பின் சாரம். கூட்டுறவுக் குடியிருப்புச் சங்கங்களுக்கான மாதிரி விதிகளும், இடத்தை ஒதுக்குவது சங்கத்தின் பொறுப்பு, கேட்போர் மிகுந்து இடம் குறைந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும், பெற்றவர் அதை விற்கவோ மாற்றவோ கூடாது என்கின்றன. ஆகவே நான் பணம் கொடுத்து வாங்கிய இடம் சட்டத்தின் கண்ணில் என்னுடையதன்று. எங்கள் கட்டடத்தில் இத்தீர்ப்பைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை. இடம் உள்ளவர்கள் ஏன் திறக்கவில்லை என்பது விளங்கும். இல்லாதவர்கள், எதிர்வீட்டுக்காரனோடு பகை எதற்கு என்று பேசாமல் இருந்தார்கள். வண்டியும் இல்லாதவன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஊரறிந்த இரகசியம். அதில் இன்னொருவர் வண்டி நின்றால், "இவருக்குத் தேவையில்லை போலும்" என்று நாலு பேர் கண்ணில் படும். நான் அஞ்சியது இதற்கே.

உரிமை உறுதியாக இருப்பவன் கையைத் திறப்பான். ஐயத்தோடு பிடித்திருப்பவன் இறுக்கிப் பிடிப்பான். இது என்னைப் பார்த்து நானே கண்டுகொண்டது. இடத்தை மறுப்பவர் கல்நெஞ்சர் என்று முலுண்டு அம்மையார் கருதவேண்டாம். அவர்களுள் பாதிப்பேர் என்னைப் போன்ற பயந்தவர்களாக இருக்கக்கூடும்.

தன்னிடம் இருப்பதைத் தான் மிகையாக மதிப்பதும் மனித இயல்பே. 1990இல் கானமன், கெனெட்சு, தேலர் என்னும் மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்து, விற்பதானால் என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை பெறாதவரிடம், வாங்குவதானால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கு, வாங்குவோர் சொன்னதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு கேட்டார்களாம் வைத்திருந்தவர்கள். சில நிமிடம் கையிலிருந்த கோப்பைக்கே இந்தக் கதி என்றால், முப்பது ஆண்டு கையிலிருந்த தூணடிக்கு என்ன சொல்வது! அவ்விடத்தில்தான் என் மகன் சைக்கிள் பழகினான். அங்கேதான் மாருதிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தோம்.

நம்மவர் இங்கே திண்ணையைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். "நம் ஊரில் வழிப்போக்கனுக்குத் திண்ணை விட்ட மரபல்லவா?" என்று சங்க மேடையில் நானே பேசியிருக்கிறேன். நன்கு எண்ணிப் பார்த்தால் திண்ணை கதவுக்கு வெளியே இருந்தது. படுத்தவன் விடிந்ததும் எழுந்து போவான் என்பது ஊருக்கே தெரியும். இரண்டாம் நாளும் படுத்தால் யார் எவர் என்று கேட்பார்கள். எல்லாச் சாதியாருக்கும் எல்லாத் திண்ணையிலும் இடம் இருந்ததுமில்லை. திண்ணையைக் கட்டியவன் தன் உரிமை சிறிதும் குறையாத வகையில், காலவரையறை தானே விளங்கும் வகையில் கட்டினான். அதனால்தான் தாராளமாக விட்டான். அந்தத் தாராளத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; அதன் பின்னிருந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பால் பாக்கெட் வாங்கிவரத் தெருவில் இறங்கினேன். தெருக்கோடியில் துணி தேய்ப்பவரின் மேசை ஓரத்தில், கழுத்தில் துண்டோடு, பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் மருந்துக் கட்டு. மருமகள் வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பெரியவர் எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கைகூப்பினார். இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மகன் நலமா?" என்று கேட்டார்.

இதைப் படிக்கும் அன்பர்கள், அன்று மாலையே நான் தொட்டிகளை அகற்றியிருப்பேன் என்று எண்ணக்கூடும். கதையாக இருந்தால் அப்படித்தான் எழுதவேண்டும். நான் அகற்றவில்லை. அன்று இரவு சரியாக உண்ணவில்லை, மனைவியோடு பேசவில்லை. மறுநாளும் 'பார்க்கலாம்' என்ற நிலையிலேயே இருந்தேன். வெட்கம் ஒருவனை உறுத்தும். அதுவே கையைத் திறந்துவிடும் என்று சொல்ல முடியவில்லை.

திறந்தது எங்கள் சங்கத்துக் காரியதரிசியின் ஒரு தாள். அவர் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குஜராத்தி. அதிகம் பேசாதவர். யாரோ சொல்லக் கேட்டு என்னிடம் வந்து, "நீங்கள் கொடுக்கவும் வேண்டாம், அவர்கள் வாங்கவும் வேண்டாம். சங்கம் எழுதி வைக்கட்டும்" என்றார். தாளில் எழுதியிருந்தது இவ்வளவே: இந்த எண் இடம் இன்னாருக்கு ஒதுக்கப்பட்டது, அவர் இசைவுடன், மருத்துவக் காரணம் பற்றி, இன்ன மூன்று நாட்களில் இன்ன நேரத்துக்கு இன்னார் வண்டி நிற்கலாம், இது அனுமதியேயன்றி உரிமையன்று, இரண்டு நாள் முன்னறிவிப்பில் திரும்பப் பெறலாம், ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். கீழே மூவர் கையெழுத்து. 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு 'அனுமதி' என்பதற்கு இலக்கணம் சொல்கிறது. பிறர் நிலத்தில் ஒன்றைச் செய்ய இசைவு தருவதாலேயே அந்நிலத்தில் பாத்தியதை எதுவும் உண்டாகிவிடாது என்பது அதன் கருத்து. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக இருந்துவரும் இச்சட்டத்தை, தீபாவளி மலர் படிக்கும் ஆர்வத்தோடு அன்று படித்தேன். சனிக்கிழமை காலை தொட்டிகள் மேலே போயின.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் அம்மையார் தம் கடிதத்தில், "காசு கொடுத்தால் கொடுப்பார்களா?" என்றும் கேட்டிருக்கிறார். முன்பின் அறியாதவரிடம் காசு நன்றாக வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 2006இல் ஒரு நிறுவனம் தோன்றி, வீட்டு வாசலில் காலியாயிருக்கும் இடத்தை அந்நியருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட வழி செய்தது. இப்போது 'ஜஸ்ட்பார்க்' என்ற பெயரில் நடக்கிறது. அந்நியன் பணம் கொடுக்கிறான், நிறுத்துகிறான், போய்விடுகிறான். மறுநாள் மின்தூக்கியில் அவன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் அப்படியன்று. 1,500 ரூபாயை வாங்கியிருந்தால் நான் கடைக்காரன் ஆகியிருப்பேன்; அவர்கள் வாடிக்கையாளர் ஆகியிருப்பார்கள். பத்து நிமிடம் தாமதமானால் "பணம் கொடுக்கிறோமே" என்று அவர்களுக்கும், "ரூபாய்க்காகப் பொறுக்க வேண்டியிருக்கிறதே" என்று எனக்கும் தோன்றும்.

இது வெறும் கற்பனையன்று. இஸ்ரேல் நாட்டு ஹைபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் 20 வாரம் ஒரு சோதனை நடந்தது. க்னீசி, ரஸ்டிகினி என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, காப்பகங்களுள் ஆறில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆசிரியை காத்திருக்கிறாளே என்று கூசியிருந்தவர்கள், கூச்சத்துக்கு விலை வைத்ததும் விலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தாமதமானார்கள். அபராதத்தை எடுத்த பின்பும் பழைய கூச்சம் திரும்பவில்லை என்பதுதான் அச்சோதனையில் என்னைத் திடுக்கிடச் செய்தது.

ஆனால் ஒன்றுமே வாங்காமல் இருப்பதும் சுலபமன்று. முதல் மாதம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஹோலிக்குப் பூரண்போளி வந்தது. மனைவி பதிலுக்கு அதிரசம் அனுப்பினாள். பின்பு வாரந்தோறும் ஏதேனும் வந்தது. ஒருநாள் வெள்ளியில் சிறிய குங்குமச் சிமிழ் வந்தபோது என் மனைவி, "அவர்களுக்கு மருந்துச் செலவே மலைபோல் இருக்கும். நாம் இலவசமாகக் கொடுப்பதே அவர்களுக்குப் பாரமாகிவிட்டது. நீங்கள் அந்தக் காரியதரிசியிடம் பேசுங்கள்" என்றாள். அவர்தான் வழி சொன்னார். அந்த இடத்துக்காகச் சங்கம் என்னிடம் மாதந்தோறும் வாங்கும் கட்டணத்தை மட்டும் அவர்கள் நேராகச் சங்கத்தில் கட்டிவிடுவது. எனக்கு லாபம் இல்லை, செலவும் இல்லை. அவர்களுக்குக் கடன்பட்ட உணர்ச்சி இல்லை. சிமிழைத் திருப்பிக் கொடுக்கவில்லை; அதைத் திருப்பினால் மனம் நோகும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதிரசமும் பூரண்போளியும் பண்டிகைக்கு மட்டும் என்று தாமாகவே குறைந்தன.

இன்னொருவரை மறந்தால் பாவம். வாயிற்காவலர். தாளை எழுதியது காரியதரிசி. அதற்கு உயிர் கொடுத்தது பீகாரிலிருந்து வந்திருக்கும் அந்த இளைஞர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று நோட்டுப் புத்தகத்தில் குறிக்கிறார். செவ்வாயன்று வேறு யாரேனும் அவ்விடத்தில் மோட்டார் சைக்கிளைச் சொருகினால் அவரே எடுக்கச் சொல்கிறார். நானும் அவர்களும் ஒருவரையொருவர் கேட்டுச் சண்டையிட வேண்டிய தேவை இதனால் எழவில்லை. நம் ஊர் ஏரிப்பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் உண்டல்லவா? எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்று ஊர் கூடி முடிவு செய்யும். திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. நிலக்காரர்கள் தாங்களே மண்வெட்டியோடு மடைக்குப் போனால் மண்டை உடையும் என்று அறிந்த ஊர்கள் செய்த ஏற்பாடு அது. பொதுவளத்தை மக்கள் தாமே பங்கிட்டு ஆளுவதைப் பற்றி 1990இல் நூல் எழுதி, 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், ஸ்பெயின் நாட்டு வாய்க்கால்களிலும் சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலங்களிலும் இதே போன்ற காவலர்களையும் கணக்குகளையும் கண்டு எழுதியிருக்கிறார். வாயிற்காவலருக்குத் தீபாவளி இனாம் கொடுக்கும்போது இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

அச்சத்துக்கு ஒரு தேர்வு வந்தது. டிசம்பரில் மகன் குடும்பத்தோடு வந்தான். சொன்னபடியே வண்டி எடுத்தான். இரண்டு நாள் முன்னறிவிப்பு எப்படிச் சொல்வது, நோயாளியை எப்படி விலக்கச் சொல்வது என்று நான் வாசலில் நின்று தயங்கிக்கொண்டிருந்தேன். மகன் வருவதற்கு முதல்நாளே மருமகள் வந்து, "காகா, தாதா நாளை வருகிறாராமே. ஒன்பது நாளைக்கு நாங்கள் ஆட்டோவில் போய்க்கொள்கிறோம்" என்று சொல்லிப் போனாள். என் மகன் கேட்டுவிட்டு, செவ்வாய், வியாழன், சனியில் முற்பகல் முழுதும் தன் வாடகை வண்டியைத் தெருவிலேயே விட்டான். அவ்வொன்பது நாளும் இடம் யாருக்கு என்பதில் இரு வீட்டாரும் விட்டுக்கொடுத்ததில், சில மணி நேரம் அது ஒருவருக்கும் பயன்படாமல் கிடந்தது. காவலர் சிரித்தார்.

இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. தாளைப் பல முறை புதுப்பித்தாயிற்று. என் இடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சட்டம் அவர்கள் பக்கம் என்பதை நான் மறக்கவுமில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பவரும் பகல் நேரத்துக்குத் தம் இடத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்தாம் மாடிக்காரர் மட்டும் இரும்புச் சங்கிலியும் பூட்டும் போட்டிருக்கிறார். அவரிடம் எவரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவருக்கு என்ன வழக்கு, என்ன வடு என்று நமக்குத் தெரியாது. ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கமாட்டோம் என்று சிலர் பேசுவதை நான் ஒப்பவில்லை. மதராசிக்கு வீடில்லை என்று பலகை மாட்டிய வாசல்களைக் கடந்துவந்தவர்களின் பிள்ளைகள் நாம்.

முலுண்டு அம்மையாருக்கு: மருமகளின் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கேட்பதை நிறுத்துங்கள். நேருக்கு நேர் கேட்டால் 'பார்க்கலாம்' என்றே வரும். காரியதரிசியைக் கொண்டு கேளுங்கள். 22 இடத்தையும் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள். நாள், நேரம், முடிவு தேதி மூன்றையும் எழுதிக் கேளுங்கள். மே மாதம் வருகிறது. பள்ளி விடுமுறைக்கு நம்மவர் பாதிப்பேர் தாதரில் வண்டியேறி ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர் போகும் குடும்பத்தின் இடம் ஒரு மாதம் காலி. திரும்பி வரும் நாள் பயணச்சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. கொடுப்பவருக்கு அதைவிட உறுதி வேண்டியதில்லை. காரையும் அங்கேயே விட்டுப் போகிறவராக இருந்தால், பேட்டரி இறங்காமலிருக்க வாரம் ஒருமுறை இயக்கி வைப்பதாக மருமகள் சொல்லிப் பார்க்கட்டும். சாவியைக் கொடுக்க மனம் வந்துவிட்டால் இடத்தையும் பிறகு பேசலாம். தாளின் நகல் வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்; ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் காரியதரிசி என்ன சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.